தலையெழுத்தும் எழுத்துப்பிழையும்

ஆடித் திங்களின் ஞாயிற்றுக்கிழமையொன்றில், பெரியபாளையத்தில் வாழும் நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். செங்குன்றம் வழியாக வந்த பேருந்துகள் யாவும் நிரம்பி வழிந்தன. வேப்பஞ்சேலை உடுத்த பெண்டிரும், அவர்தம் குழந்தைகளும் ஆரணியாற்றங்கரை எங்கும் நிறைந்திருந்தனர். நண்பர் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, அண்டை வீட்டுக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை பார்ப்பவர். ஈராண்டுகட்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு மனைவியைப் பறிகொடுத்தவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து நம்மிடம் நீட்டினார்.

"பாய், நீங்க எழுதுறவங்கன்னு சொன்னாங்க. புத்துநோய் மரபணுவாலதான் வருதுன்னு இதுல போட்டிருக்கு. அப்ப இது எங்க பரம்பரையிலேயே இருக்குன்னுதானே அர்த்தம்?"

அவர் மகளுக்கு ஏறத்தாழ முடிவாகியிருந்த சம்பந்தம், அத்தாள் ஒன்றினாலேயே தட்டிப்போயிற்று. பிள்ளை வீட்டார் அதனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுச் சென்றிருந்தனர். வாங்கிப் படித்தோம். ஏதோ ஓர் இதழில் வெளிவந்த கட்டுரை. புற்றுநோய் ஆராய்ச்சியின் புதுமைகளைத் தமிழ் மக்கட்கு எடுத்துரைக்கும் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டதுதான். வெளிப்படையான பொய் என்று சுட்டத்தக்க வரி ஒன்றும் அதில் இல்லை. ஆயினும் மரபணுவை மனிதனின் தலையெழுத்து என்று வருணித்திருந்தது. மரபணுப் பிறழ்வே புற்றுநோய்க்குக் காரணம் என்று முழங்கியிருந்தது. எந்த மரபணு, யாருடைய மரபணு, எப்போது பிறழ்ந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறாமலேயே முடிந்திருந்தது.

இலக்கியத் திறனாய்வு கதைக்கும் கவிதைக்கும் மட்டும் உரியதன்று. ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் திருமணம் நின்றுபோகுமாயின், அச்சொல்லை ஆராய்வதும் திறனாய்வாளன் கடமையே. ஆகவே விஞ்ஞானத் தமிழ் உரைநடையின் இந்த ஒரு மூலையை நேயர்களோடு சேர்ந்து ஆராய விழைகிறோம்.

முதலில் நோயின் பெயரைப் பார்ப்போம். கிரேக்கர் இதனைக் 'கார்க்கினோஸ்' என்றனர். அரபு மருத்துவர் 'சரத்தான்' என்றனர். இரண்டுக்கும் பொருள் நண்டு. கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்தக் குழாய்கள் நண்டின் கால்களைப் போல் தோன்றியமையால் வந்த பெயர் இது. இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலிலும், குர்துபாவின் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவியின் நூலிலும் இந்நோய் பேசப்படுகிறது. சிறிதாக இருக்கும்போதே முழுதும் அகற்ற இயலுமாயின் அகற்றுக, நாட்பட்டுப் பெருத்தபின் கத்தி கொண்டு நெருங்காதே என்று அஸ்ஸஹ்ராவி எச்சரித்தார். ஆயிரம் ஆண்டுகட்குப் பின்னும் அவ்வறிவுரையின் முற்பகுதி பழுதாகவில்லை.

தமிழன் நண்டைக் காணவில்லை, புற்றைக் கண்டான். மண்ணுக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிளைத்து, ஒரு நாள் மேலே முகடாய் எழுவது புற்று. கன்னப்புற்று முதலிய பழஞ்சொற்கள் இக்காட்சியிலிருந்து பிறந்தன. வெளியே தெரிவதைக் காட்டிலும் உள்ளே பரவியது மிகுதி என்பதைச் சொல்லாமற் சொல்லும் பெயர். இவ்வளவு பொருத்தமான பெயர் வேறு மொழிகளில் அரிது. பெரியபாளையத்திலேயே புற்று என்பது அஞ்சத்தக்க சொல்லன்று. அவ்வூர்ப் பவானியம்மன் கோயிலின் தலக்கதையே புற்றிலிருந்துதான் தொடங்குகிறது. வளையல் வணிகன் ஒருவனின் வளையல்கள் புற்றுக்குள் மறைந்த கதை அங்கே சிறுவரும் அறிந்தது. ஆக, குற்றம் 'புற்று' என்ற சொல்லில் இல்லை. அதனோடு பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட மற்றொரு சொல்லில்தான் இருக்கிறது.

அச்சொல் 'மரபணு'. மரபு என்றால் வழிவழி வருவது. மரபணு என்று கேட்ட மாத்திரத்தில் தமிழ் நெஞ்சில் தோன்றுவது பாட்டனும் முப்பாட்டனுமே. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'பரம்பரையலகு' என்ற சொல்லும் அவ்வாறே. இவை தவறான கலைச்சொற்கள் என்று நாம் கூறவில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இயல்புகள் செல்வதை விளக்கும்போது இவற்றினும் பொருத்தமானவை இல்லை. ஆனால் அதே மரபணு, உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் அமர்ந்து அன்றாடம் வேலை செய்கிறது. எப்போது வளரவேண்டும், எப்போது நிற்கவேண்டும், எப்போது மடியவேண்டும் என்று கட்டளையிடுகிறது. அந்த வேலையில் நேரும் பழுதுதான் புற்றுநோய். அப்பழுதைப் பெரும்பாலும் யாரும் யாருக்கும் வழங்கிச் செல்வதில்லை. புற்றுநோய்களுள் வழிவழி வந்த பிறழ்வினால் தோன்றுபவை நூற்றில் ஐந்து முதல் பத்து வரையே என்பது ஆராய்ச்சியாளர் கணிப்பு. மற்றவை ஒருவர் தம் வாழ்நாளில், தம் உடலின் ஏதோ ஓர் உறுப்பில் அடைந்த பிறழ்வுகளின் விளைவு. அவை அவரோடு முடிந்துபோகின்றன.

இவ்வேறுபாட்டை ஏட்டுச்சுவடி பழகிய நம்மவர்க்கு விளக்குவது எளிது. சீறாப்புராணம் 1842-ஆம் ஆண்டு அச்சேறுமுன், ஏடுகளில் பெயர்த்தெழுதப்பட்டே வாழ்ந்து வந்தது. பெயர்த்தெழுதுவோர் கை சோர்ந்தால் பிழை நேரும். மூல ஏட்டிலேயே பிழையிருந்தால், அதிலிருந்து பிறக்கும் பிரதிகள் அத்தனையிலும் அது தொடரும். பல பிரதிகளுள் ஒன்றில் மட்டும் பிழை நேர்ந்தால், அந்தப் பிரதியைப் பார்த்து எழுதியவை மட்டுமே பிழைபடும். மூல ஏடு மாசின்றி இருக்கும். கருவில் வந்த பிறழ்வு முதல் வகை. மார்பிலோ நுரையீரலிலோ வாழ்நாளில் நேர்ந்த பிறழ்வு இரண்டாம் வகை. மகளுக்குத் தாய் அளிப்பது மூல ஏட்டின் படியைத்தான். பிழைபட்ட பிரதியை அன்று.

மனித உடலின் ஏட்டில் ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துகள் உண்டு. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கே எழுத்துகளால் ஆன ஏடு அது. 1982-ஆம் ஆண்டு, மனிதச் சிறுநீர்ப்பைப் புற்று ஒன்றிலிருந்து எடுத்த 'ராஸ்' என்னும் மரபணுவை ஆராய்ந்தபோது, ஓரிடத்தில் குவானின் இருக்கவேண்டிய இடத்தில் தைமின் இருக்கக் கண்டனர். ஓரெழுத்து மாறியதால் பன்னிரண்டாம் இடத்து அமினோ அமிலம் மாறிற்று. வளர்ச்சியை நிறுத்தத் தெரியாத கட்டளை பிறந்தது. அக்கண்டுபிடிப்பை வெளியிட்ட குழுக்களுள் ஒன்றின் முதலாசிரியர் இந்தியாவில் பிறந்த பிரேம்குமார் ரெட்டி.

இங்கே நம் இலக்கணத்தை நினைவூட்ட விரும்புகிறோம். பிறழ்வு என்பதற்கு இலங்கைத் தமிழில் 'விகாரம்' என்று பெயர். அச்சொல்லைக் கேட்போர் அழகின்மையை எண்ணி முகம் சுளிப்பர். ஆனால் நன்னூல் கற்ற மாணவன் அறிவான்: புணர்ச்சியில் விகாரம் மூன்று. தோன்றல், திரிதல், கெடுதல். இல்லாத எழுத்து வந்து சேர்வது, ஓரெழுத்து வேறாவது, இருந்த எழுத்து மறைவது. மரபணு ஏட்டிலும் இம்மூன்றே நிகழ்கின்றன. ராஸ் மரபணுவில் நேர்ந்தது திரிதல். மார்பகப் புற்றோடு தொடர்புடைய 'பிஆர்சிஏ1' மரபணுவில் இரண்டெழுத்து மறைந்துபோகும் கெடுதல் ஒன்றுண்டு. ஐரோப்பிய யூதக் குடும்பங்களில் பெரிதும் அறியப்பட்ட அது, தென்னிந்தியக் குடும்பங்கள் சிலவற்றிலும் கண்டறியப்பட்டது. அதே மரபணுவில் ஒரு சைட்டோசின் கூடுதலாக வந்து புகும் தோன்றலும் உண்டு. மூன்றெழுத்து மூன்றெழுத்தாகப் படிக்கப்படும் ஏட்டில் ஒன்று கூடினாலும் இரண்டு குறைந்தாலும், அதற்குப்பின் உள்ள வாசகம் முழுதும் பொருளற்றுப் போகிறது. இத்துணை நுட்பத்தை விளக்க நம் இலக்கணத்திலேயே சொற்கள் ஆயத்தமாய் இருக்க, 'திடீர் மாற்றம்' என்று நம் எழுத்தாளர் எழுதிச் செல்கின்றனர். புற்றுநோய் திடீரென நேர்வதன்று. பல ஆண்டுகளில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பிழைகள் சேர்ந்தே பெரும்பாலும் உருவாகிறது. முதியோரிடம் அது மிகுவதற்கு ஒரு காரணம் அதுவே.

இத்துறையைப் பொதுமக்கட்கு எடுத்துரைத்த நூல்களுள் சித்தார்த்த முகர்ஜி ஆங்கிலத்தில் எழுதி 2010-இல் வெளிவந்த 'தி எம்பரர் ஆஃப் ஆல் மேலடீஸ்' தலையாயது. 2011-இல் புலிட்சர் பரிசு பெற்றது. புதுதில்லியில் பிறந்து அமெரிக்காவில் புற்றுநோய் மருத்துவரானவர் அவர். கோழியின் கட்டியொன்றை வடிகட்டிய நீரால் மற்றொரு கோழிக்குக் கட்டி தோற்றுவித்த பெய்ட்டன் ரௌஸின் 1911-ஆம் ஆண்டுச் சோதனையிலிருந்து, அக்கிருமியின் மரபணு உண்மையில் இயல்பான உயிரணுவுக்கே உரியது என்று பிஷப்பும் வார்மஸும் 1976-இல் மெய்ப்பித்தது வரை, அவர் கதை துப்பறியும் புதினம்போல் ஓடுகிறது. பகைவன் வெளியிலிருந்து வந்தவன் அல்லன், நம் இல்லத்தவனே என்ற உண்மை வெளிப்படும் இடம் அந்நூலின் உச்சம் எனலாம். குழந்தைகளின் கண்ணில் தோன்றும் புற்றை ஆராய்ந்து, இணையாக உள்ள இரு பிரதிகளும் கெட்டாலன்றி நோய் தோன்றாது என்று 1971-இல் கணித்துக் கூறிய நட்சனின் பகுதியும் தெளிவுடையது. பிறவியிலேயே ஒரு பிரதி கெட்டிருந்தால் நோய் விரைவில் வரும். இரண்டும் வாழ்நாளில் கெடவேண்டியிருந்தால் அரிதாகவும் தாமதித்தும் வரும். மரபுக்கும் விபத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் எளிதாக விளக்க இயலாது.

எனினும் அந்நூலின்மேல் நமக்கொரு குறையுண்டு. பாரசீக அரசி அதோசாவின் மார்புக் கட்டியைப் பற்றிய பழங்கதையை எடுத்துக்கொண்டு, அவ்வரசி காலந்தோறும் பயணம் செய்தால் எத்தகைய மருத்துவம் பெறுவாள் என்று ஆசிரியர் கற்பனை செய்கிறார். அழகிய கற்பனை. ஆயின் அப்பயணம் காலத்தில் நிகழ்கிறதேயன்றி இடத்தில் நிகழவில்லை. அதோசா ஒரே ஆண்டில் போஸ்டனிலும் பெரியபாளையத்திலும் வாழ்ந்தால் எவ்வாறு வேறுபட்ட முடிவு பெறுவாள் என்பதே நம் வினா. கட்டியை வெட்கத்தால் ஓராண்டு மறைத்தவள், கூலி போகுமென்று மருத்துவமனைக்கு நாள் கடத்தியவள், மகளின் மணம் முடியட்டும் என்று வாய் திறவாதவள் ஆகிய பெண்டிரும் இந்நோயின் வரலாற்றில் இடம்பெற வேண்டியவர்கள்.

2016-இல் அவர் எழுதிய 'தி ஜீன்', தம் குடும்பத்தில் வழிவழி வந்த மனநோயின் துயரிலிருந்து தொடங்குகிறது. உள்ளம் உருக்கும் தொடக்கம். ஆனால் இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்கும் தமிழ் வாசகன் எளிதில் மயங்கிவிடுவான். முன்னதில் மரபணு ஓர் உறுப்பில் பழுதுபடும் கருவி. பின்னதில் தலைமுறைகளைத் தொடரும் நிழல். ஆசிரியர் இரண்டையும் வேறுபடுத்தியே எழுதுகிறார். மொழிபெயர்த்தும் சுருக்கியும் எழுதும் நம்மவர்தாம் இரண்டையும் ஒரே பானையில் இட்டுக் கலக்கிவிடுகின்றனர்.

நாம் மறுபுறம் சாய்ந்துவிடவும் கூடாது. வழிவந்த பிறழ்வு உண்டு என்பதும் உண்மையே. பிஆர்சிஏ1 பதினேழாம் நிறப்புரியில் உள்ளதென்று மேரி கிளேர் கிங் 1990-இல் காட்டினார். 1994-இல் அம்மரபணு பிரித்தறியப்பட்டது. அதில் கேடான பிறழ்வுடைய பெற்றோரின் பிள்ளைக்கு அது செல்லும் வாய்ப்பு சரிபாதி. தாய்வழியே மட்டும் வரும் என்று நம்மூரில் எண்ணுவதும் பிழை, தந்தைவழியும் வரும். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் தென்னிந்தியக் குடும்பங்களிடையே இவ்வாராய்ச்சி நிகழ்ந்துள்ளது. இளம் வயதில் நோய் கண்டோர், குடும்பத்தில் பலர்க்கு நோய் வந்தோர், இரு மார்பிலும் அல்லது சூற்பையிலும் நோய் கண்டோர் ஆகியோர் மருத்துவ ஆலோசனை பெற்றுச் சோதனை செய்துகொள்வது அறிவுடைமை. அத்தகைய குடும்பத்துக்கு முன்னறிவு ஒரு கேடயம். ஆனால் கேடயமாக வேண்டியதைக் களங்கமாக்கிவிட்டால் யார் சோதனைக்கு முன்வருவார்?

'மரபணு' என்ற சொல் இன்னொரு தீங்கும் செய்கிறது. அது மகளைக் குற்றவாளியாக்கிப் புகையை விடுதலை செய்துவிடுகிறது. இலண்டனில் புகைபோக்கி துடைக்கும் சிறுவர்க்குப் பின்னாளில் வரும் புற்றுக்குக் கரியே காரணம் என்று பெர்சிவல் பாட் எழுதிய ஆண்டு 1775. சாயத் தொழிலாளரிடம் சிறுநீர்ப்பைப் புற்று மிகுந்திருப்பதை லுட்விக் ரேன் 1895-இல் அறிவித்தார். புகையிலைப் புகையில் உள்ள பென்சோபைரீன், 'பி53' என்னும் காவல் மரபணுவில் எந்த எழுத்துகளைப் பற்றிக்கொள்கிறதோ, நுரையீரல் புற்றில் மிகுதியும் பிறழ்ந்து காணப்படுவன அவ்வெழுத்துகளே என்பது 1996-இல் தெளிவாயிற்று. குற்றவாளியின் கைரேகை ஏட்டிலேயே பதிந்துவிட்டதன்றோ! பாக்கு புற்றுநோய் தோற்றுவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியது. புகையிலை மெல்லும் நம் நாட்டில் மிகுதியாகக் காணும் ஈறு-கன்னப் புற்றை ஆராய்ந்த இந்திய விஞ்ஞானிகள், 110 நோயாளிகளின் கட்டிகளைச் சோதித்து, அதுவரை இந்நோயில் அறியப்படாத மரபணுக்களிலும் பிறழ்வு நேர்ந்திருப்பதை 2013-இல் வெளியிட்டனர். இவையெல்லாம் மரபின் கதைகள் அல்ல. வெற்றிலைப் பெட்டியின் கதைகள், பட்டறையின் கதைகள். சென்னையில் 1982 முதல் புற்றுநோய்ப் பதிவேடு பேணப்படுகிறது. தொழிற்பேட்டைகளைச் சூழ வாழ்வோர், நோயாளியின் குலத்தை வினவுவது போலவே அவர் செய்த தொழிலையும் வினவுங்கள் என்று கேட்க உரிமையுடையர்.

பிழையை அறிந்தால் திருத்தவும் வழி பிறக்கும். ஒன்பதாம், இருபத்திரண்டாம் நிறப்புரிகளின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் ஒருவகை வெண்குருதிப் புற்று தோன்றுகிறதென்று ஜேனட் ரௌலி 1973-இல் கண்டார். அந்த ஒட்டிலிருந்து பிறக்கும் கட்டளையை அடக்கும் 'இமாட்டினிப்' மருந்து 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அம்மருந்து பிறந்த கதையை முகர்ஜி சுவைபடச் சொல்கிறார். அது ஏழையின் கைக்கு எட்டிய கதையின் முக்கிய அத்தியாயங்கள் நம் சென்னையில் நிகழ்ந்தன. அம்மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. சட்டப்பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் தள்ளியது. 2013 ஏப்ரல் முதல் நாள் உச்சநீதிமன்றம் இறுதியாக மறுத்தது. திங்களுக்கு இலட்சம் ரூபாயைத் தாண்டிய மருந்து, உள்நாட்டுத் தயாரிப்பில் பத்தாயிரத்துக்குள் கிடைப்பதற்குத் தடை நீங்கிற்று. இதனைத் தமிழில் ஒரு நல்ல நூலாக எழுத எவரேனும் முன்வரவேண்டும்.

அடையாறு நிலையத்தின் வரலாறும் அவ்வாறே எழுதப்படவேண்டியது. தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியது அது. அங்கேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட டாக்டர் வி. சாந்தா 2021-இல் மறைந்தார். சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் பாரதப் புற்றுநோய் மரபணுத் தொகுதியை வெளியிட்டது. 480 மார்பகப் புற்று நோயாளிகளின் திசுக்களிலிருந்து அது உருவாயிற்று. மேலைநாட்டார் ஏடுகளை மட்டுமே பார்த்துப் பாடம் கண்ட காலம் மாறி, நம் ஏடுகளும் படிக்கப்படுகின்றன. மகிழ்ச்சியே. ஆனால் திசு தந்த பெண்ணுக்கு அதன் பொருளை அவள் மொழியில் சொல்லவேண்டிய கடனும் அதனோடு வருகிறது.

நம் எழுத்தாளரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. புற்றுநோயைப் பற்றி எழுதும்போது, 'மரபணுப் பிறழ்வு' என்று வாளா விட்டுச் செல்லற்க. 'வழிவந்த திரிபு' என்றோ 'வாழ்வில் நேர்ந்த திரிபு' என்றோ அடை சேர்த்து எழுதுக. தலையெழுத்து என்ற உவமையை அறவே விடுக. தலையெழுத்து அழியாதது, மாறாதது என்பது வழக்கு. இங்கே நாம் பேசுவது வாழ்நாள் முழுதும் மாறிக்கொண்டிருக்கும் எழுத்தை.

பெரியபாளையத்து நண்பருக்கு நாம் சொன்ன விடை சிறிது. அவர் மனைவிக்கு நோய் கண்டது ஐம்பத்தெட்டாம் வயதில். இரு வழியிலும் வேறெவர்க்கும் இந்நோய் வந்ததில்லை. வழிவந்த திரிபாக இருக்கும் வாய்ப்பு குறைவு; உறுதியாகக் கூற வேண்டியவர் மருத்துவர்; ஐயமிருந்தால் ஆலோசனை பெறுக என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எனக்குப் புரியுது பாய். அவங்ககிட்ட இதை யாரு சொல்றது? இந்தத் தாளுல போட்ட மாதிரி, நீங்க சொன்னதையும் யாராச்சும் போட்டா எடுத்துட்டுப் போய்க் காட்டலாம்" என்றார்.

மடித்த தாளை அவர் மீண்டும் பையில் வைத்துக்கொண்டார். அதனோடு சேர்த்து வைத்துக்கொள்ள, இவ்விதழின் படியொன்றை அவருக்கு அனுப்புகிறோம்.